சபர் இரண்டு விதம்

அரபி பேசும்போது மட்டும் எனக்குக் கூச்சம் வருவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கத் தமிழில் எனக்கு நாக்கு எழாது. மலையாளத்தில் கண்டக்டரிடம் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லத் தொண்டையைச் செருமுவதற்குள் பஸ் அந்த இடத்தைத் தாண்டிவிடும். ஆனால் ஓமன் நாட்டுச் சலாலாவில், ஆடும் தென்னந்தோப்புமாக இருந்த ஒரு வீட்டில் வேலை பார்த்த வருஷங்களில் நான் யாரிடமும் எதையும் கேட்டேன். எனக்குத் தெரிந்த அரபியை ஒரு முறத்தில் பரப்பிவிடலாம். அதை வைத்துக்கொண்டே சண்டை போட்டேன், ஆட்டுக்குப் பேரம் பேசினேன், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கதை சொன்னேன். யாராவது சிரித்தால் என் அரபியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், என்னைப் பார்த்து அல்ல என்று ஒரு தைரியம்.

பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மார்த்தாண்டத்துப் பக்கத்தில் பிறந்து, கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, இப்போது திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள சாலைக் கடைத்தெருவில், ஒரு அங்காடி மருந்துக் கடையில் பொட்டலம் கட்டுகிறேன். அங்காடி மருந்து என்றால் வேர், பட்டை, விதை, பிசின். வைத்தியர் எழுதிக் கொடுத்ததை எடுத்து நிறுத்துக் கொடுப்போம். வர முடியாதவர்களுக்கு ஆட்டோவில் கொண்டுபோயும் கொடுப்போம். பேசுகிற வேலையெல்லாம் முதலாளியுடையது. மூன்று தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கிற தமிழ்க் குடும்பம் அவருடையது. அவர் தமிழில் ஆரம்பிப்பார், மலையாளத்தில் முடிப்பார். எனக்கு அது வசதி. அவர் பேசுவதால் நான் பேச வேண்டியதில்லை.

அவள் முதலில் வந்தது ஒரு மழை நாளில். குடையை மடக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "சேட்டா, லுபான் உண்டோ?" என்றாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். சாம்பிராணிதான் கேட்கிறாள் என்று நினைத்து, கட்டிச் சாம்பிராணியை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நான் இல்லை என்று தலையை ஆட்டி, குந்திரிக்க டப்பாவைக் காட்டினேன்; அரபியில் லுபான் என்பது அதைத்தான். அப்போது அவளுடைய போன் அடித்தது. எடுத்தவள், "கடையிலதான் நிக்கேன், பொறகு பேசுதேன்" என்று சொல்லி வைத்தாள்.

பேசுதேன். அந்த ஒரு சொல் போதும். பேசுதேன், வருதேன், போவுதேன் என்று எல்லாவற்றின் வாலிலும் தேன் வைத்துப் பேசுகிறவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்கள். என் முகம் சொல்லியிருக்க வேண்டும். முதலாளி உடனே, எல்லையில் இருக்கிற ஊரை வைத்து, "களியக்காவிளைக்கு அங்கயா, இங்கயா?" என்று கேட்டார்.

"அங்கதான். எப்பிடித் தெரிஞ்சு?"

"எனக்குத் தெரியல்ல. இவன் பல்லைக் காட்டினான், அதுல தெரிஞ்சுது. இவன் வருஷத்துல ஒருக்காதான் பல்லைக் காட்டுவான்."

அவள் ஹோம் நர்ஸ். கழக்கூட்டத்தில் ஒரு பிளாட்டில் ஓமன்காரி அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள். அவருடைய மகன் நடுவு வலி என்கிற இடுப்பு வலிக்கு ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்து, ஒரு வைத்தியசாலையில் எண்ணெயில் கிடக்கிறார். துணைக்கு வந்த உம்மா பிளாட்டில். "மகனுக்கு நம்ம மருந்து. உம்மாவுக்கு அவங்க மருந்து மட்டுந்தான்" என்று அவள் சொன்னாள். "கஷாயத்தை மோந்து பாத்துட்டு வாஷ்பேசின்ல ஊத்திட்டாங்க. லுபானை ராத்திரி தண்ணில போட்டு காலையில குடிக்கணுமாம், நெஞ்சுச் சளிக்கு. கொண்டுவந்தது தீந்து போச்சு."

உம்மா எந்த ஊர் என்று முதலாளி கேட்டார். சலாலா என்று சொன்னாள். முதலாளி என் முதுகில் ஒன்று வைத்தார்.

நான் கடைக்குப் பின்னால் இருக்கும் என் அறைக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சலாலாவிலிருந்து வரும்போது அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு சின்னப் பையில் லுபான் கட்டிக் கொடுத்திருந்தார். பச்சை கலந்த வெள்ளை மணிகள், கண்ணீர்த் துளி போல. அந்த வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் பெரியம்மாதான் வைத்தியம். எனக்கு அரிவாள் பட்டபோது முர் என்ற பிசினைப் பொடித்து வைத்துக் கட்டினார். நம் ஊரில் வெள்ளைப்போளம் என்பார்கள். வயிறு வலித்தால் மலையிலிருந்து வருகிற ஒரு வாசனை இலையைக் கொதிக்க வைத்துக் கொடுப்பார். பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயக் கஞ்சியும், கருஞ்சீரகம் குழைத்த தேனும். எதைக் கொடுத்தாலும் என் தலையில் கைவைத்து என்னவோ முணுமுணுப்பார். மருந்தில் பாதி அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பையை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் அடிக்கடி வந்தாள். ஒருநாள் உம்மாவுக்கு ஹில்பா வேண்டும் என்றாள். நான் வெந்தயத்தை அள்ளினேன். முதலாளிக்கு ஆச்சரியம். "ஹில்பா, உலுவா. எடே, மலையாளத்துக்காரன் உலுவாண்ணு சொல்லுறது அரபியாடே?" என்றார். இன்னொரு நாள் சனா மக்கி கேட்டாள். எங்கள் கடையில் தாத்தா காலத்திலிருந்து சென்னாமுக்கி என்று எழுதி ஒட்டியிருக்கும் டப்பாதான் அது. மக்காவிலிருந்து வந்த இலை ஊர் பெயரையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து எங்கள் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அன்று முழுவதும் முதலாளி கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார், தானே கப்பல் ஏறிப் போய்க் கண்டுபிடித்தது போல.

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்தேன். அவள் சாலைத் தெருவில் எல்லோரையும் அண்ணா என்பாள். வெற்றிலைக் கடைக்காரர் அண்ணன், சுமை தூக்குகிறவர் அண்ணன், என்னைவிட வயதில் இளைய ஆட்டோக்காரன் அண்ணன். முதல்நாள் என்னை மலையாளத்தில் சேட்டா என்றவள், அதற்குப் பிறகு என்னை எதுவுமே கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்பாள், "கேட்டேளா" என்பாள். அண்ணன் மட்டும் இல்லை.

நர்ஸ் வேலை பார்க்கிறவர்களை ஊரே சிஸ்டர் என்றுதான் அழைக்கும். முதலாளியும் சிஸ்டர் என்பார். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. வரக்கூடாது என்று நினைத்தேன். அதனால் நானும் அவளை எதுவும் கூப்பிடவில்லை. பெயரில்லாத இரண்டு பேர் ஒரு தராசின் இரண்டு பக்கம் நின்றுகொண்டிருந்தோம். அந்த வயதில், தலையில் பாதி நரைத்த பிறகு, தராசுத் தட்டில் கருஞ்சீரகம் விழுகிற சத்தம் எனக்கு மழை மாதிரி கேட்டது.

பிறகு உம்மா சித்ர் இலை கேட்டார். தலை கழுவ. அது இலந்தை இலை. எங்கள் கடையில் கிடையாது. "இல்லேண்ணா விடுங்க, ஷாம்பு போட்டு விடுதேன்" என்றாள். நான் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போய், பாழாகக் கிடக்கும் ஒரு விளைத் தோட்டத்தில் இலந்தை மரத்தைத் தேடி, ஒரு பை நிறைய இலை பறித்து வந்தேன். இலந்தைக்கு முள் உண்டு என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்று கை அதை மறந்துவிட்டது. அவள் பையை வாங்கும்போது என் விரல்களைப் பார்த்தாள். மறுநாள் உம்மா கொடுத்தனுப்பியதாக முர் பொடி ஒரு காகிதத்தில் மடித்து வந்தது.

"வெள்ளைப்போளம் நம்ம கடையில இல்லாத மாதிரி" என்றார் முதலாளி.

நான் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள் அவள் அந்தச் செய்தியைச் சொன்னாள். மகனுக்கு நடுவு சரியாகி வருகிறது. சிகிச்சை முடிந்ததும் இருவரும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். "எனக்கு வேற வீடு சொல்லுதாங்க. வித்துராவுல ஒரு பெரியவரைப் பாக்கணுமாம்" என்றாள். மலையடிவாரத்து வித்துராவிலிருந்து யாரும் வெந்தயம் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்கு வரமாட்டார்கள். என் கையிலிருந்த கயிற்றுப் பந்து கீழே விழுந்து தெருவில் உருண்டு போனது.

அப்போதுதான் உம்மா வீடியோவில் கூப்பிட்டார். கடைக்காரரிடம் நேரில் பேச வேண்டுமாம். அவள் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கறுப்புத் துணிக்குள் சுருக்கம் விழுந்த, மூக்கு நீண்ட முகம். சலாலாவின் தூறல் மழை வாசனையே அடித்தது போல் இருந்தது. நான் சலாம் சொன்னேன். உடல் எப்படி, வீடு எப்படி, ஆடுகள் எப்படி என்று கேட்டேன். பல வருஷம் பூட்டிக் கிடந்த வாய் திறந்துகொண்டது.

எதிரே ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. சுமைக்காரர்கள் கத்தினார்கள். அவள் போனைப் பிடித்தபடி என் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில் நின்றாள். மருந்துப் பெயர்களைத் தாண்டி அவளுக்கு அரபி தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. கடைத்தெரு முழுவதற்கும் தெரியாது. இது புரிந்த நொடியில் எனக்குக் கூட்டத்துக்கு நடுவே ஒரு தனி அறை கிடைத்துவிட்டது.

கேட்டேவிட்டேன். "உம்மா, இந்தப் பெண்ணுக்கு ஜவ்ஜ் உண்டா? இல்லையென்றால், எனக்கு இவள் வேண்டும். நல்ல மனசோடு கேட்கிறேன்." ஜவ்ஜ் என்றால் புருஷன். இலக்கணமெல்லாம் உடைந்த அரபிதான். ஆனால் சொன்னது இதுதான்.

உம்மா காதில் கைவைத்துக் கேட்டார். பிறகு வேகமாக என்னவோ சொன்னார். லாரிச் சத்தத்தில் எனக்கு விளங்கியது ஒரே சொல். "சபர்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "சபர், சபர்."

சபர் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். சலாலாவில் நான் முதலில் கற்றுக்கொண்டதே அதுதான். சம்பளம் கேட்டால் வீட்டுக்காரர் சபர் என்பார். லீவு கேட்டால் சபர். பொறு, பொறுமையாக இரு. உம்மா முடியாது என்று சொல்லவில்லை. பொறு என்கிறார். அப்படியென்றால் நடக்கப்போகிறது. நான் நெஞ்சில் கைவைத்துத் தலையை ஆட்டினேன்.

போன் வைத்தபின் அவள் கேட்டாள், "உம்மா சொன்னது வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு."

"ஒங்களுக்க கிட்ட இருக்கா?"

"நெறைய இருக்கு."

"அப்ப ஆச்சு. நீங்களே பிளாட்டுக்குக் கொண்டு வந்துடுங்க. உம்மாவுக்கு அத்தியாவசியம்."

எனக்கு அந்தக் கடைசிப் பேச்சு கொஞ்சம் விளங்கவில்லை. பொறுமையை எப்படிக் கொண்டு போவது? நல்ல பண்போடு வந்து நில்லுங்கள் என்கிறாள் போல என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு எதுவும் பொருந்தும். அவள் போகும்போது குடைக்குள் சிரித்தபடியே போனாள்.

நான் பொறுக்க ஆரம்பித்தேன். அப்படி ஒரு இனிப்பான பொறுமையை நான் அதற்குமுன் பொறுத்ததில்லை. அவள் வரவில்லை, பொறுத்தேன். போன் இல்லை, பொறுத்தேன். கடுக்காய் கேட்டவருக்குத் தான்றிக்காய் கட்டிக் கொடுத்தேன். முதலாளி என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு இல்ல. அப்ப வேற என்னவோ" என்றார்.

அவள் வந்தபோது குடை இல்லாமல், மூச்சு வாங்க வந்தாள்.

"சபர் எங்க?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

நான் நெஞ்சில் கைவைத்து, "இங்க" என்றேன்.

முதலாளி குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. அவள் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உம்மாவுக்க முட்டு பூசணிக்கா கணக்கா வீங்கிக் கெடக்கு. இண்ணைக்கு வருவான், நாளைக்கு வருவான்னு காலை நீட்டிட்டு இருக்காங்க. இவரு இங்க நெஞ்சைத் தொட்டுக் காட்டுதாரு."

"என்ன சாதனம் சிஸ்டர் அது?" என்று முதலாளி கேட்டார். அவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கறுப்பாக, கண்ணாடி போல மின்னுகிற கட்டி.

"அடே, இது சென்னிநாயகம் அல்லே" என்றார் அவர்.

கத்தாழைச் சாற்றைக் காய்ச்சி உறைய வைத்த கட்டி. பால்குடி மறக்கச் செய்வதற்கு எங்கள் பக்கத்து அம்மாமார் தடவுவது. இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் முதல் கசப்பு அதுதான். அதற்கும் அரபியில் சபர் என்றே பெயராம். பொறுமைக்கும் கத்தாழைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். சலாலாவில் எனக்கு யாரும் அந்த இரண்டாவது சபரைக் கொடுக்கவில்லை. முதலாவதை மட்டும் நிறையக் கொடுத்தார்கள்.

எனக்குக் காது சுட்டது. அப்படியானால் உம்மா என் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. லாரிச் சத்தத்தில் கேட்டிருக்கக்கூட மாட்டார். நான் பொறுத்ததெல்லாம் ஒரு கத்தாழைக் கட்டிக்காக.

"நீயே கொண்டு போய்க் கொடுடே" என்று முதலாளி பொட்டலத்தை என் கையில் திணித்தார். "போற வழியில நெஞ்சுல இருக்கறதையும் எறக்கிட்டு வா."

கிழக்கேகோட்டையிலிருந்து கழக்கூட்டத்துக்குப் பஸ் ஏறினோம். அவள் முன்னால் பெண்கள் சீட்டில். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. நடுவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகள், காதில் ஒயரோடு. அவளுடைய பின்னந்தலையும் ஒரு கொண்டை ஊசியும் மட்டும் தெரிந்தன. வண்டி ரோட்டில் ஊர்ந்தது. ஒரே ஒருதரம் அவள் திரும்பிப் பார்த்தாள். நான் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினேன், பத்திரமாக இருக்கிறது என்பதுபோல. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

உம்மா தரையில் மெத்தை போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வீடு முழுவதும் லுபான் புகை. என்னைப் பார்த்ததும் ஒரு மூச்சு திட்டினார். பிறகு சென்னிநாயகத்தை உடைத்து, முர் பொடியோடு சேர்த்து, தண்ணீர் தெளித்து ஒரு கல்லில் தானே உரசினார். மற்றவர் கை அதில் படக்கூடாது என்றார். அந்தக் கறுப்பு விழுதை முட்டில் பூசி, துணி சுற்றி, மேலே கைவைத்து முணுமுணுத்தார். அதே முணுமுணுப்பு. எனக்குப் பெரியம்மாவின் வீடு ஞாபகம் வந்தது.

கட்டு முடிந்ததும் ஏன் தாமதம் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சபர் என்றால் பொறு என்று நினைத்துப் பொறுத்திருந்தேன் என்று. உம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்ததில் முட்டு வலித்தது, வலித்ததில் இன்னும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீ எதற்காகப் பொறுத்தாய்? என்ன கேட்டாய்?" என்றார்.

அன்றுதான் எனக்கு அரபியிலும் கூச்சம் வந்தது. முறத்தில் இருந்த சொற்களெல்லாம் காற்றில் பறந்துவிட்டன. நான் மெத்தையின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்களேன்" என்றாள் அவள், கல்லைக் கழுவிக்கொண்டே. "அண்ணைக்கு கடையில கேட்டீங்க இல்லியா, அதைச் சொல்லுங்க."

"அது... உம்மாவுக்க உடம்பைப் பத்தி..."

"உம்மாவுக்க உடம்புல ஜவ்ஜ் எங்க இருக்கு?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எத்தனை அரபிக்காரங்க வீட்டுல நின்னவ நான். புருஷன் எங்க, பிள்ளை எங்கண்ணு எல்லா உம்மாவும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க. அந்தச் சொல்லு தெரியாம இருக்குமா?" கல்லை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "பதில் வேணும்ணா, இல்ல. கட்டினவரு மரிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு. பொறகு என்னவோ கேட்டீங்க. அது எனக்கு வெளங்கல்ல. தமிழ்ல கேளுங்க."

"வெளங்கல்லியா?"

"வெளங்கிச்சு. ஆனாலும் தமிழ்ல கேளுங்க. இத்தனை நாளும் நான் அதுக்குத்தான் பாத்துட்டு இருந்தேன். நீங்க பொறுமையில உக்காந்துட்டீங்க."

உம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். ஒரு சொல்லும் தெரியாமலே எல்லாம் தெரிந்த முகம். புகைச்சட்டியில் இன்னும் இரண்டு மணி லுபானைப் போட்டு, அதை என் பக்கம் தள்ளினார். புகை என் சட்டைக்குள் ஏறியது. கண் எரிந்தது. எரிகிற கண்ணோடு பேசுவது சுலபம் என்று அன்று தெரிந்துகொண்டேன், யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

"வித்துராவுக்குப் போவாதீங்க" என்றேன். அது கேள்வி இல்லை என்று எனக்கே தெரிந்தது. மறுபடியும் சொன்னேன். "எனக்க கூட இருப்பீங்களா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொன்னாப் போதும். நான் பொறுத்துக்கிடுவேன்" என்றேன்.

"முட்டுக்கு உள்ள சபர் முட்டுக்கு" என்றாள் அவள். "எனக்கு சபர் ஒண்ணும் இல்ல கேட்டேளா. இந்த மாசமே வீட்டுல வந்து பேசுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர் என்னை மோந்து பார்த்து, எந்தச் சர்ச்சில் பெருநாள் என்று கேட்டார். நான், முன்பின் தெரியாத ஒருவரிடம், மலையாளத்தில், கூச்சமில்லாமல், என் வீட்டில்தான் என்று சொன்னேன். இறங்க வேண்டிய இடத்தையும் சரியாகச் சொன்னேன்.

மறுநாள் காலை கடையில் போன் அடித்தது. முதலாளி எடுத்தார். சற்றுக் கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எடே, ஒரு பொம்பள. அவிய இருக்காவளாண்ணு கேக்குதா. எவியண்ணு கேட்டா சொல்ல மாட்டேங்கா. இந்தக் கடையில அவிய யாருடே?"

எங்கள் பக்கத்தில் பெண்கள் பெயர் சொல்லாமல் அவிய என்பது கட்டினவரைத்தான். நான் கருஞ்சீரகக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து போனேன்.